பிரிக்கக் கூடாத பந்தல்

என் மன்னியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாத்தனார் புத்தி என்று நினைக்க வேண்டாம். சொல்கிறவர்கள் எல்லாரும் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். "பாவம், சாது" என்கிறார்கள். நாகலட்சுமி பாவமும் இல்லை, சாதுவும் இல்லை. ஒரு பத்திரிகையில் அவள் படத்தைப் போட்டு 'பாரம்பரியத்தின் காவலர்' என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் அவள் மசால்வடை மடித்துக் கொடுத்தாள். அதனால் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் கல்கத்தாத் தமிழர்கள். கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்தார், நாங்கள் காளிகாட்டை விட்டு நகரவே இல்லை. நான் பிரபா, ஒரு பாங்கில் ஆபீசர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது என் இஷ்டம், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. மாடியில் நான், கீழே அண்ணா ஸ்ரீநாத்தும் மன்னியும். அண்ணாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை ஆபீசில் வேலை. பேசாத மனுஷன். அவன் பங்குக்கும் சேர்த்துப் பேசுவதற்காகவே பகவான் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒருத்தியை அனுப்பிவைத்தார்.

வந்த புதிதில் மன்னிக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. சொல்லித்தருகிறேன் என்று நான் உட்கார்ந்தேன். இரண்டாவது நாளே அவளுக்கும் எனக்கும் சண்டை. "நீ டீச்சர் மாதிரி முழிக்கறே, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பிறகு மத்தியானத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனையில் இருந்த சுரஞ்சனா சினிமாவுக்குப் போக ஆரம்பித்தாள். மேட்னி ஷோவில் பெண்கள் கூட்டம் அதிகம். ஒரே படத்தை மூன்று தரம், நாலு தரம் பார்ப்பாள். பக்கத்தில் உட்காரும் வங்காளிப் பெண்மணிகள் அழுகிற இடத்தில் இவளும் அழுவாள், அவர்கள் விளக்கம் சொல்வார்கள், அடுத்த தரம் அர்த்தம் புரிந்து அழுவாள். ஆறு மாதத்துக்குள் பேச்சு வந்துவிட்டது.

வந்த பேச்சுதான் விசேஷம். சினிமாவில் கற்றதால் அவளுக்குச் சாதாரணமாகப் பேசவே தெரியவில்லை. எல்லாம் வசனம். கத்தரிக்காய் சொத்தையாக இருந்ததற்குக் காய்காரனிடம், கண்ணில் நீர் ததும்ப, "உன்னை நம்பினேனே! இந்த வஞ்சகத்தை நான் எப்படித் தாங்குவேன்!" என்றாள். அவன் பயந்துபோய்க் கொத்தமல்லிக் கட்டைச் சும்மா கொடுத்தான். தபால்காரர் ஒரு வாரம் கழித்து வந்தபோது, "இத்தனை நாள் எந்தத் திசையில் மறைந்திருந்தீர்கள்?" என்று கேட்டாள். மனிதர் சைக்கிளிலிருந்து இறங்கிக் காரணம் சொன்னார். பாடா முழுக்க, அதாவது எங்கள் பேட்டை முழுக்க, அவளுக்கு ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் 'பௌதி', அண்ணி. அந்தத் தெருவிலேயே பிறந்த என்னை இன்றைக்கும் 'பாங்க்காரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பெண் மாதவி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மன்னி கடை போட்டாள். தியேட்டர் சுவரை ஒட்டி, பழைய சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த ஒரு சின்ன அறை. வடை, போண்டா, காபி, மரவள்ளிக் கிழங்கு வறுவல். இடைவேளை மணி அடித்தால் மொத்தத் தியேட்டரும் அவள் கடையில்தான். வடைக்கு ஊற்றிக்கொடுத்த சாம்பாரை வங்காளிகள் மண் குவளையில் வாங்கி டீ மாதிரி உறிஞ்சினார்கள். மன்னி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குவளைச் சாம்பாரைத் தனியாகவே விற்றாள்.

எல்லா ஊரிலும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. மால்கள் வந்தன, கைப்பேசியில் படம் வந்தது, ஒருநாள் சுரஞ்சனாவின் இரும்புக் கதவு சாத்தியது சாத்தியபடி நின்றுவிட்டது. ஒரு தியேட்டர் மூடினால் ஒரு தெருவே எப்படி உட்கார்ந்துபோகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் முட்டை ரோல்காரர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு பான் கடை. பிறகு பாட்டுப் புத்தகமும் பழைய நாவலும் விற்ற கடை. சேலைக்கடைக்காரர் பாதி ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே தூங்கினார். ஏழு மணிக்கெல்லாம் தெரு இருட்டு. மெட்ரோவிலிருந்து இறங்கி நடந்து வர எனக்கே பயமாக இருக்கும். மன்னி ஒருத்திதான் விடாப்பிடியாகக் கடையைத் திறந்துவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று செய்திகள் சேர்ந்தாற்போல் வந்தன. அண்ணா ரிடையர் ஆனான். சென்னையில் வேலையாக இருந்த மாதவி, நங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட் பார்த்துவிட்டேன், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள். சுரஞ்சனாவை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி பேசி முடித்துவிட்டது என்று தெருவில் சொன்னார்கள்.

அண்ணா மன்னியைப் பார்த்தான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: "சுரஞ்சனா நின்னா நானும் நிக்கறேன். அதை இடிச்சான்னா, அன்னிக்கே நங்கநல்லூருக்கு டிக்கெட் போடுங்கோ. அந்த மண்ணாங்கட்டிக் குவியலைப் பாத்துண்டு என்னால இங்க உக்கார முடியாது."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். தினம் சண்டை போடுகிறோமே, இவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? கீழ் வீடு பூட்டிக்கிடக்க, மாடியில் நான் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் வாயைத் திறந்து "போகாதே" என்று சொன்னேனா? இல்லை. "நங்கநல்லூரில் தண்ணீர்க் கஷ்டமாம்" என்றேன்.

அந்த வருஷம் மன்னிதான் துர்கா பூஜை கமிட்டியின் செக்ரட்டரி. இதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் பாடா க்ளப்பில் பாதிப் பேர் மோஹன் பகான் டீம் கட்சி, பாதிப் பேர் ஈஸ்ட் பெங்கால் டீம் கட்சி. கால்பந்தில் தொடங்கி, பிரசாதத்தில் கிச்சடியா பூரியா என்பது வரைக்கும் சண்டை. ஒரு கட்சி ஆளை செக்ரட்டரி ஆக்கினால் மறு கட்சி வெளிநடப்பு. கடைசியில் தலைவர் தபன்-தா, அதாவது தபன் அண்ணா, ஹோமியோபதி டாக்டர், ஒரு வழி சொன்னார். "பௌதிக்குப் பந்தும் பூசணிக்காயும் ஒண்ணுதான். அவங்களையே போட்டுடுவோம்." இரண்டு கட்சியும் கை தூக்கியது. க்ளப் சரித்திரத்திலேயே எல்லாரும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அது என்று சொல்கிறார்கள்.

கல்கத்தாவில் பூஜைப் பந்தல் என்றால் சும்மா கீற்றுக் கொட்டகை இல்லை. ஒவ்வொரு பாடாவும் ஒரு 'தீம்' எடுத்து, மூங்கிலும் துணியும் பலகையுமாக அரண்மனை கட்டுவார்கள், கோயில் கட்டுவார்கள், கப்பல்கூடக் கட்டுவார்கள். ஐந்து நாள் ஊரே வரிசையில் நின்று பார்க்கும். பூஜை முடிந்ததும் மொத்தத்தையும் பிரித்து எடுத்துப் போய்விடுவார்கள். அந்த வருஷத்துத் தீமைப் பற்றிப் பேச மன்னியின் கடையில்தான் கூட்டம். பந்தல் காண்ட்ராக்டர் கோகன்-தா ஒரு பெரிய படத்தை விரித்தார். மேதினிபூர்க்காரர், கெட்டிக்காரர், தம் கை வேலையில் அவருக்குக் கர்வம் உண்டு.

"இந்த வருஷம் தீம், 'மறைந்துபோன சினிமாக் கொட்டகை'," என்றார். "நம்ம சுரஞ்சனாவையே அச்சு அசலாப் பின்னாடி மைதானத்துல கட்டறேன். அதே முகப்பு, அதே படிக்கட்டு. பாத்தவங்க அழணும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். மோஹன் பகானும் தட்டியது, ஈஸ்ட் பெங்காலும் தட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், சாட்சாத் சுரஞ்சனா நின்றுகொண்டிருந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பந்தல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை மூங்கிலைத் தேடிப் போய்விடும்.

மன்னி கரண்டியைக் கீழே வைத்தாள். "கோகன்-தா, அளவு எதைப் பாத்து எடுப்பீங்க?"

"இதோ, இதைப் பாத்துத்தான்," என்று அவர் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இது இருக்கா?"

"இருக்கே."

"இருக்கறதை எப்படிய்யா மறைஞ்சுபோச்சுங்கறீங்க? அசல் இங்க வௌவால் அடைஞ்சு கிடக்கு, அதுக்கு நகல் கட்டி அஞ்சு நாள் அழப்போறீங்களா? அந்த மூங்கிலையும் ஆளையும் இந்தக் கட்டடத்துமேல போடுங்க. பூஜையை உள்ளயே பண்ணுவோம்."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வங்காளிகள் ஒரு யோசனையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

தியேட்டருக்குச் சொந்தக்காரர் அனிமேஷ் பாபு டாலிகஞ்ச்சில் இருந்தார். அவருடைய தாத்தா கட்டிய தியேட்டர். பங்காளிகள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்ததால், நீயே பார்த்து முடித்துவிடு என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மன்னி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தபன்-தா சொல்லிக்கொடுத்த மரியாதை வாக்கியங்களை வழியெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. சினிமாதான் வந்தது.

"அனிமேஷ் பாபு! நிரந்தரமாக விடைபெறப் போகிறவளுக்கு, ஒரே ஒரு முறை விளக்கேற்றிப் பார்க்க மாட்டீர்களா?"

அவர் திகைத்து நின்றார். யாருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாராம். விஷயம் புரிந்ததும் மூக்குக்கண்ணாடி கழன்று விழுகிற அளவு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பூஜைக்கு எடுத்துக்கோங்க, பௌதி. ஆனா லட்சுமி பூஜை முடிஞ்ச மறுநாள் சாவியைக் கம்பெனிக்காரங்ககிட்ட குடுக்கறதா வாக்குக் குடுத்திருக்கேன். அதுல மாத்தமில்ல. நான் உள்ள வரவும் மாட்டேன். மூடினதுலேர்ந்து நான் அந்த வாசப்படி ஏறல. எனக்குத் தெம்பில்ல."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மன்னி பேசவே இல்லை. அது எனக்குப் பழக்கமில்லை. வேண்டுமென்றே ஒரு சண்டை ஆரம்பித்தேன். அவள் வரவில்லை.

வேலை ஆரம்பித்தது. பாடாவிலேயே இருந்த ஒரு எஞ்சினியர் தூணையும் கூரையையும் தட்டிப் பார்த்து, "நம்ம எல்லாரையும்விட இது ஆரோக்கியமா இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், அடைத்துக்கிடந்த பக்கவாட்டு வாசல்களைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளேயிருந்து லாரி லாரியாகக் குப்பை போயிற்று. அரண்மனை கட்டிப் பழகிய கோகன்-தாவின் ஆட்கள் உடைந்த படிக்கட்டைக் கட்டினார்கள், கதவுகளுக்குப் புதுக் கீல் போட்டார்கள். முகப்பில் காணாமல்போன வண்ணக் கண்ணாடிகளுக்குப் புதுசு வெட்டிப் பொருத்தினார்கள்.

பெயிண்டில் வந்து மாட்டிக்கொண்டது. முகப்புக்கு என்ன நிறம்? பச்சையும் மெரூனும் என்றது மோஹன் பகான் கட்சி. சிவப்பும் மஞ்சளும் என்றது ஈஸ்ட் பெங்கால். இரண்டு நாள் வேலை நின்றது. தபன்-தா ரத்த அழுத்தத்துக்குத் தமக்குத் தாமே உருண்டை கொடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மன்னி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து போய், ஏணியில் ஏறி, தேங்காய் கீற வைத்திருந்த கத்தியால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். போஸ்டர் பசை, அதன் அடியில் சிவப்பு, அதன் அடியில் காவி, அதற்கும் அடியில் விடிகாலை வானம் மாதிரி ஒரு இளநீலம்.

"இது எந்த டீம் கலர்?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

எந்த டீமும் இல்லை.

"அப்போ இதையே அடிங்க."

அந்த நீலத்தை அடித்து முடித்து, பல வருஷத் தகரத்தைக் கழற்றியபோது, சுண்ணாம்பில் செய்த தாமரைகளும் பிறைநிலாவுமாக ஒரு முகப்பு வெளியே வந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறேன், தகரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. நடுத்தெருவில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த முழித்தேன். "வாயை மூடிக்கோ பிரபா, தூசி போகும்," என்றாள் மன்னி.

பூஜை ஐந்து நாளும் நடந்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். துர்கையைத் தியேட்டரின் முன் கூடத்தில், படிக்கட்டுகள் இரண்டாகப் பிரிகிற இடத்தில் வைத்தோம். உள்ளே திரை காலியாக இருந்தது. சும்மா கிடப்பானேன் என்று வாடகைக்கு ஒரு புரொஜக்டர் வாங்கி, தினம் மத்தியானம் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டோம். வரிசை மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. ஒரு காலத்தில் மன்னியோடு உட்கார்ந்து அழுத பெண்மணிகள் ஊரின் எந்தெந்த மூலையிலிருந்தோ டாக்ஸி பிடித்து வந்து, "இதுதான் என் சீட்டு" என்று தடவிப் பார்த்தார்கள். டாக் மேளம் வாசிக்க கிராமத்திலிருந்து வந்தவர்கள் மேளத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கதாநாயகன் வரும்போதெல்லாம் ஒரு தனி ஆவர்த்தனம். ஆரத்திக்கு மேளக்காரர்களைத் தேடி தபன்-தா இருட்டில் செருப்பை மிதித்துக்கொண்டு அலைந்தார்.

ரோல்காரர் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தார். சேலைக்கடை முழு ஷட்டரும் மேலே போயிற்று. அண்ணா, ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்தவன், மண் குவளையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் சிரித்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று!

அனிமேஷ் பாபு அஷ்டமியன்று மட்டும் வந்தார். தெருவில் நின்றபடியே அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். படியேறவில்லை. மன்னி கூப்பிட்டுப் பார்த்தாள், வரவில்லை.

தசமி முடிந்து அம்மன் கங்கைக்குப் போனாள். ஐந்தாம் நாள் பௌர்ணமியில் லட்சுமி பூஜையும் முடிந்தது. மறுநாள் காலை நான் பாங்குக்கு லீவு போட்டுவிட்டேன். மன்னி ஒன்றுமே நடக்காத மாதிரி வடை தட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றுமே இல்லாத மாதிரி பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் நீர் வருவதற்குக் காரணம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வெளியே டம் டம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் முகப்பில் ஏணி. கோகன்-தாவின் ஆட்கள் 'சுரஞ்சனா' என்ற பெயர்ப் பலகையின் முதல் எழுத்தைக் கழற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வண்ணக் கண்ணாடியின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் பெரிய கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கோகன்-தா வழக்கம்போல வாயில் பென்சிலோடு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். பூஜை முடிந்தது, போட்டதைப் பிரிக்கிறார். எத்தனையோ வருஷமாக அவர் கை செய்து பழகிய வேலை. இது வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மன்னி ஜல்லிக் கரண்டியோடு வெளியே பாய்ந்தாள். அந்தக் கோலத்தில் அவளைக் கோகன்-தா பார்த்திருந்தால் ஏணியைவிட வேகமாக மேதினிபூர் போய்ச் சேர்ந்திருப்பார். கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. அனிமேஷ் பாபுவின் கார்.

மன்னி வாயை மூடிக்கொண்டாள். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நான் "நிறுத்து!" என்று சொல்ல இருந்தேன். என் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். "மூச்சு விடாதே."

அனிமேஷ் பாபு சாவிக்கொத்தோடு இறங்கினார். பின்னால் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், கையில் ஃபைல். அவர் முகப்பைப் பார்த்தார். கழற்றிய எழுத்தைப் பார்த்தார். வாய் பிளந்து நின்ற வாசலைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏய்! யாருடா உங்களைக் கழட்டச் சொன்னது?"

கோகன்-தா பென்சிலை எடுத்தார். "பாபு, பூஜை முடிஞ்சுபோச்சே. பந்தலைப் பிரிக்கணும்ல?"

"பந்தலா? எதுடா பந்தல்? எங்க தாத்தா கட்டின தியேட்டர் இது! இறங்குடா கீழ!"

ஓடிப்போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏணி நடுங்கியது. மேலே நின்றவன் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கம்பெனிக்காரர் ஒருவர் மெல்ல, "சார், எப்படியும் நாங்க அடுத்த மாசம் இடிக்கத்தானே..." என்று ஆரம்பித்தார். அனிமேஷ் பாபு திரும்பி அவரைப் பார்த்தார். தாம் என்ன கத்தினோம் என்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். ஏணியை விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே போனார்.

நாங்கள் வெளியே நின்றோம். தெருவே நின்றது. மன்னியின் வாணலியில் வடை கரிந்து புகைந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிடித்த பிடியில் என் கை வலித்தது.

அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, முழங்காலில் தூசி. கம்பெனிக்காரர்களிடம் கைகூப்பி, "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிக்கணும்" என்றார். சாவிக்கொத்தை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். "பௌதி, ஒரு காபி."

மன்னியிடமிருந்து ஒரு பெரிய வசனம் வரும் என்று தெருவே காத்திருந்தது. வரவில்லை. காபியை ஆற்றினாள், பாதி கீழே கொட்டியது. மீதியைக் கொடுத்தாள். பின்னாலிருந்து கோகன்-தா சந்தேகம் கேட்டார்: "அப்போ அந்த எழுத்தை மறுபடி மாட்டணுமா?"

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பூஜைக்கு நாங்கள் போட்டது பவுடர் பூச்சுதான், வைத்தியம் அப்புறம்தான் நடந்தது. கூரை, மின்சாரம், ஏசி, நாற்காலி. வரிசையில் நின்ற ஜனங்களின் போட்டோவைப் பார்த்த பங்காளிகள் வெளிநாட்டிலிருந்தே சரி என்றார்கள். தியேட்டர் நடத்தத் தெரிந்த ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். இனி ஞாயிறு காலையில் தமிழ்ப் படம் என்று ஏற்பாடு. எதிரே புத்தகக்கடை திரும்பத் திறந்தது. மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு வர இப்போதெல்லாம் நான் முழங்கையால் இடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. தினமும் திட்டுகிறேன். சந்தோஷமாகத்தான் திட்டுகிறேன்.

ஆனால் அந்த ஒரு வருஷமும் மன்னி நங்கநல்லூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதவி போன் பண்ணும்போதெல்லாம் "பாக்கலாம்டி, பாக்கலாம்" என்பாள். தியேட்டர் இடிபடாமல் தப்பித்துவிட்டது, வாஸ்தவம். ஆனாலும் பெண் கூப்பிடுகிறாளே, மனசு மாறியிருந்தால்? கேட்டுவிடலாம் என்று தினமும் மாடிப்படி இறங்குவேன், கேட்காமல் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ஏறுவேன். எனக்கு வீம்பு ஜாஸ்தி.

திறப்பு விழா மார்கழிக் குளிரில் நடந்தது. தெருவில் கால் வைக்க இடமில்லை. ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள், மன்னி போகவில்லை. அனிமேஷ் பாபுவையே வெட்டச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போனாள். நடு வரிசையில் இரண்டு சீட்டில் அவளுடைய ஸ்வெட்டரும் கைப்பையும் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தோம். விளக்கு மெல்ல மெல்ல அணைந்தது. விசில், கைதட்டல், யாரோ சங்குகூட ஊதினார்கள்.

அந்தச் சத்தத்தில் மன்னி என் காதருகே குனிந்தாள். "ஃப்ளாட்டை வாடகைக்கு விடச் சொல்லிட்டேன் மாதவிகிட்ட. நான் எங்கயும் போகலைடி."

"சரி, சரி, படத்தைப் பாரு," என்றேன். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் மடை திறந்துகொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

எனக்கு மறுபக்கத்துச் சீட்டில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் குனிந்து, அக்கா முறை வைத்துச் சொன்னார்: "தீதி, இன்னும் டைட்டிலே முடியலையே."